கண்ணுக்குத் தெரியாத கடல் – 9: ஓர் ஈஸ்ட்டின் நான்கு பசிகள்

தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சாறு வடிய வடியவே அதில் ஈஸ்ட் குடியேறிவிடும். சில மணி நேரத்தில் நுரை தள்ளிக் கள்ளாகிவிடும். அந்தச் சாற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. ஈஸ்ட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை இப்படிப்பட்ட விருந்து வீடுகள்தான்: கள், ஒயின், ரொட்டி மாவு. நடுக்கடலில் ஒரு லிட்டர் நீரை மொண்டு பாருங்கள். அதில் கரைந்திருக்கும் கரிமப் பொருள் அத்தனையிலும் உள்ள கார்பனைச் சேர்த்தால்கூட ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான் தேறும். அதிலும் பெரும்பகுதி, நுண்ணுயிர்கள் எளிதில் தொடாத பழைய எச்சம். கலயத்தோடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு வறுமை.

இருந்தும் கடலில் ஈஸ்ட் வாழ்கிறது. ஃபிஷர், ப்ரெபெக் என்ற இருவர் அட்லாண்டிக் நீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1894-இலேயே எழுதிவிட்டார்கள். இந்தியக் கரையோரக் கடல் ஈஸ்ட்டுகளைப் பற்றி பட், கச்வாலா ஆகியோரின் கட்டுரை 1955-இல் வந்தது. அறுபதுகளில் மயாமியைச் சேர்ந்த ஜாக் ஃபெல், இந்தியப் பெருங்கடலில் எந்த இனம் எங்கே பரவியிருக்கிறது என்று ஆராய்ந்தார்.

எண்ணிக்கையில் அது சிறுபான்மை. சென்ற வாரம் பார்த்த பாக்டீரியாக்கள் மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் பத்து லட்சம். ஈஸ்ட்டோ, நடுக்கடலில் ஒரு முழு லிட்டருக்குப் பத்தோ இருபதோ. கரையை நெருங்கினால் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில். இப்படிச் சிறுபான்மையாக இருக்கக் காரணம் எளிய கணக்கு. ஈஸ்ட் செல்லின் குறுக்களவு பாக்டீரியாவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அப்படியானால் மேற்பரப்பு நூறு மடங்கு, கொள்ளளவு ஆயிரம் மடங்கு. உணவு நுழைவது மேற்பரப்பின் வழியாக. அதைக் கேட்பதோ கொள்ளளவு. நீர்த்துப்போன கடலில் பெரிய உடம்பு ஒரு பாரம். அன்றாடப் போட்டியில் ஈஸ்ட் தோற்கும்.

அதனால் அதன் பிழைப்பு வேறு விதமானது. இல்லாத நாட்களைத் தாக்குப்பிடிக்க வேண்டும்; கிடைக்கும் நாளில் பெருக வேண்டும். ‘இல்லை’ என்பதும் ஒரே விதமானதல்ல. கார்பன் இல்லையா, நைட்ரஜன் இல்லையா, பாஸ்பரஸ் இல்லையா, இரும்பு இல்லையா என்பதைப் பொறுத்து அந்தச் செல்லின் நடத்தை அடியோடு மாறுகிறது.

கார்பன் தீர்ந்தால், அதாவது எரிபொருளே இல்லையென்றால், செல் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. கிளைக்கோஜன், ட்ரெஹலோஸ் ஆகிய சேமிப்புச் சர்க்கரைகளை வைத்துக்கொண்டு, சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கிறது. இது சாவல்ல, உணவு வந்தால் மறுபடி பிரியத் தொடங்கும்.

நைட்ரஜன் பஞ்சம் வேறு மாதிரி. புரதமும் டி.என்.ஏ.வும் கட்ட நைட்ரஜன் வேண்டும். அது வெளியே கிடைக்காதபோது செல் தன் பழைய உறுப்புகளையே உடைத்துத் தின்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி இதைப் பட்டினி போட்ட பேக்கரி ஈஸ்ட்டில் கண்டு, ஆராய்ந்து, 2016-இல் நோபல் பரிசு பெற்றார். நைட்ரஜன் இல்லாமல் கார்பன் மட்டும் மிதமிஞ்சிக் கிடைத்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். சில இனங்கள் கொழுக்கத் தொடங்கிவிடும்! செல் தன்னிடமுள்ள ஏ.எம்.பி. என்ற மூலக்கூறைச் சிதைத்து அதிலிருந்து கொஞ்சம் அம்மோனியம் எடுத்துக்கொள்கிறது. ஏ.எம்.பி. குறைந்ததும், சிட்ரேட்டை எரிக்கும் சங்கிலியில் ஒரு நொதி முடங்குகிறது. எரியாத சிட்ரேட் தேங்கி, கொழுப்பாக மாறுகிறது. ரோடோடோருலா டொருலாய்டிஸ் என்ற இளஞ்சிவப்பு ஈஸ்ட்டின் உலர் எடையில் பாதிக்கு மேல் இப்படிக் கொழுப்பாகிவிடும்.

உப்பைச் சமாளிப்பதிலும் இந்தக் கணக்கு ஓடுகிறது. டெபாரியோமைசிஸ் ஹன்சினி என்பது கடலில் பரவலாகக் கிடைக்கும் ஈஸ்ட். கடல்நீரைப்போல் பல மடங்கு உப்பிலும் வாழும். உப்பு நீர் தன்னை உறிஞ்சி வற்றவைக்காமலிருக்க அது செல்லுக்குள் கிளிசராலை நிரப்பிக்கொள்கிறது. இதே வேலைக்குப் பல உயிர்கள் நைட்ரஜன் கொண்ட மூலக்கூறுகளைப் பயன்படுத்துகின்றன. கிளிசராலில் ஒரு நைட்ரஜன் அணுகூட இல்லை. நைட்ரஜன் அரிதான கடலில் இது சிக்கனம்தான். ஆனால் கார்பனும் அரிதாகும்போது இதுவே செலவாகிவிடும்.

பாஸ்பரஸ் விஷயத்தில் ஈஸ்ட் முன்கூட்டியே சேர்த்துவைக்கும். கிடைக்கும் காலத்தில் பாஸ்பேட்டை நீண்ட சங்கிலிகளாகக் கோத்து, செல்லின் நுண்குமிழிக்குள் பதுக்கிவிடும். கையிருப்பு குறையும்போது, பாஸ்படேஸ் என்ற நொதியைச் செல்லுக்கு வெளியே அனுப்பி, சுற்றியுள்ள கரிமப் பொருளிலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுத்துக்கொள்ளும்.

இரும்புப் பசியோ கண்ணுக்கே தெரியும். கடல்நீரில் இரும்பு மிக மிகக் குறைவு. ரோடோடோருலா இனங்கள் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு மூலக்கூறைச் சுரந்து வெளியே விடுகின்றன; அதன் பெயரே ரோடோடோருலிக் அமிலம். டெபாரியோமைசிஸின் குடும்பத்தைச் சேர்ந்த கேண்டிடா ஃபமாட்டா, இரும்பு இல்லாதபோது ரிபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமினை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும். வளர்ப்புக் குடுவையே மஞ்சளாகிவிடும். தொழிற்சாலைகளில் வைட்டமின் எடுக்க இந்த ஈஸ்ட் பயன்பட்டிருக்கிறது.

சரி, இத்தனை பசியோடு காத்திருக்கும் ஈஸ்ட்டுக்கு விருந்து எப்போது? ஆழத்து நீர் மேலேறும் பருவத்தில் நைட்ரேட் ஏராளமாக வரும். ஆனால் பேக்கரி ஈஸ்ட் உட்படப் பல இனங்களுக்கு நைட்ரேட்டை உண்ணத் தெரியாது. ரோடோடோருலா குளூட்டினிஸ் உண்ணும். அதன் நெருங்கிய உறவான ரோடோடோருலா மியூசிலாஜினோசா உண்ணாது. உண்ணத் தெரியாதவை, நுண்பாசிகள் நைட்ரேட்டைத் தின்று வளர்ந்து, கசிந்து, செத்து, அம்மோனியமும் அமினோ அமிலமும் விடும்வரை பொறுத்திருக்க வேண்டும். கடல் செழித்த நாளிலேயே எல்லா ஈஸ்ட்டும் செழிப்பதில்லை. பலவற்றுக்கு முறை பிறகுதான் வருகிறது.

அறுபதுகளில் மேயர்ஸ், அஹர்ன் குழுவினர் வடகடலில் கண்டதும் இந்த வரிசைதான். நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிர் கடலில் பெருகிப் படர்ந்து ஓய்ந்த பின், டெபாரியோமைசிஸ் ஹன்சினி உச்சத்துக்குப் போனது. நாக்டிலூகா தன் உடலுக்குள் அம்மோனியத்தைத் தேக்கிவைத்திருக்கும்; அது சிதையும்போது அம்மோனியம் நீரில் கலக்கும். மீனுக்கு நஞ்சு; ஈஸ்ட்டுக்கு மிகப் பிடித்த நைட்ரஜன். நாக்டிலூகா நமக்கும் அறிமுகமானதுதான். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகளை நீலமாக ஒளிரவைத்தது அது. அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் நீரைப் பச்சையாக்கி மீன்கள் செத்து ஒதுங்கக் காரணமானபோது, அதைப் ‘பூங்கோரை’ என்றார்கள் மீனவர்கள்.

கடலில் எண்ணெய் கொட்டும்போது கதை தலைகீழ். கார்பன் குவிந்து கிடக்கும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்காது. யாரோவியா லிபோலிடிகா என்ற ஈஸ்ட் பெட்ரோலியத்தின் சில பகுதிகளைத் தின்னும். மும்பை அருகே எண்ணெய் கலந்த கடல்நீரிலிருந்து எடுக்கப்பட்ட அதன் ஒரு ரகம் ஆய்வுக்கூடங்களில் பேர்பெற்றது. ஆனால் எண்ணெயை மட்டும் வைத்து எந்த நுண்ணுயிரும் உடம்பு வளர்க்க முடியாது. எக்ஸான் வால்டிஸ் கப்பல் 1989-இல் அலாஸ்காவில் தரைதட்டியபோது, எண்ணெய் படிந்த கரைகளில் உரம் தெளித்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த நுண்ணுயிர்களுக்குக் குறைவாக இருந்ததை மட்டும் கொடுத்தார்கள், சிதைவு வேகமெடுத்தது.

கடல் ஈஸ்ட்டின் எண்ணிக்கையை இப்போது வேறு விதமாகப் படிக்கலாம். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ பகுதி நீர்நிலைகளில், மாசு கூடக் கூட ஈஸ்ட்டும் கூடியதை 1981-இல் ஹாக்லர், மென்டோன்சா-ஹாக்லர் ஆய்வு காட்டியது. லிட்டருக்குச் சில பத்துகளில் இருக்க வேண்டியவை ஆயிரங்களில் நின்றால், பஞ்சத்துக்குப் பழகிய அந்தக் கடலுக்கு யாரோ ஓயாமல் தீனி போடுகிறார்கள் என்று பொருள். கழிவுநீர்க் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியதுதான்.

(அடுத்த வாரம்: இறால் குஞ்சுகளுக்குத் தீனியாகும் கடல் ஈஸ்ட்)