பாரதி பாட்டுக்குப் பின்னால் ஒரு நியூஸ் ரூம்!

பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டைப் பலரும் பள்ளியில் மனப்பாடம் செய்து, மார்க் வாங்கி, மறந்தும் போயிருப்பார்கள். ஆனா, அது வெறும் சோகப் பாட்டு இல்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியப் பெண்கள் பட்ட கொடுமை, அன்றைய இந்தியாவில் பெரிய அரசியல் பிரச்சினை. அந்தச் செய்திதான் பாட்டானது.

கவிஞர் பாரதியைத் தெரியும். பத்திரிகை ஆசிரியர் பாரதியை எத்தனை பேருக்குத் தெரியும்?

என்ன வேலை பார்த்தார்?

1904-ல் சென்னை ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது முக்கிய வேலை. உலகத்தில் என்ன நடந்தாலும், அதைச் சாதாரண வாசகருக்குப் புரிகிற தமிழில் சொல்லியாக வேண்டும். எளிய தமிழுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

1905-ல் ‘சக்கரவர்த்தினி’ என்ற பெண்கள் மாத இதழுக்கு ஆசிரியர் ஆனார். 1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழை நடத்தியதும் அவர்தான். தமிழில் அரசியல் கார்ட்டூனுக்கு முன்னோடி இந்த இதழ்.

செய்தி எப்படிப் பாட்டானது?

1905-ல் வங்கப் பிரிவினைக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. வங்கத்தை வாழ்த்திப் பாடினார். வ.உ.சி. கைதானபோது கலெக்டர் விஞ்ச் பேசுவதாக ஒரு பாட்டு, வ.உ.சி. பதில் சொல்வதாக இன்னொரு பாட்டு எழுதினார். முதல் உலகப் போரில் ஜெர்மனியிடம் அடிவாங்கிய பெல்ஜியத்துக்கு ஒன்று. 1917-ல் ஜார் ஆட்சி கவிழ்ந்ததற்கு ‘புதிய ருஷியா’.

தலையங்கம் எழுதினால் போதாதா, பாட்டு எதற்கு? எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த காலம் அது. பேப்பரைப் படிக்க முடியாதவரும் பாட்டைக் கேட்டுப் பாடலாம்.

எதிரணியே அச்சிட்டது!

காங்கிரஸில் பாரதி திலகர் பக்கம். வி.கிருஷ்ணசாமி ஐயரோ மிதவாதிகளின் தலைவர்; ‘இந்தியா’ கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர். ஆனால், பாரதி பாடிக் கேட்டு உருகிப்போன அவர், 1907-ல் அந்தப் பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டு பாரதியே ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைக் கொண்டுவந்தார்.

கொடுத்த விலை என்ன?

1908-ல் ‘இந்தியா’ மீது ராஜத்துரோக வழக்கு பாய்ந்தது. எழுத்து பாரதியுடையது. ஆனால், சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் மு.சீனிவாசன். அவருக்கு ஐந்தாண்டு சிறை. நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். ‘இந்தியா’ கதையில் பலரும் எளிதில் கடந்துபோகிற இடம் இது.

புதுச்சேரியிலிருந்து ‘இந்தியா’ மறுபடி வந்தது. அங்கே அச்சகத்தைப் பிரிட்டிஷ் அரசு தொட முடியாது. ஆனா, வாசகர்கள் இருந்தது பிரிட்டிஷ் எல்லைக்குள். பத்திரிகை உள்ளே வர அரசு தடை போட்டது. 1910-ல் ‘இந்தியா’ நின்றுபோனது. பாரதி புதுச்சேரியை விட்டு வெளியே வர 1918 வரை ஆனது.

1920-ல் மறுபடி ‘சுதேசமித்திரன்’. 1921 செப்டம்பரில் 38 வயதில் இறந்தபோதும் அவர் அங்கே உதவி ஆசிரியர்தான்.

பிஜி ஒப்பந்தக் கூலிகளின் ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1-ல் ரத்தாயின. பாடநூலில் பாட்டு இருக்கிறது. அதன் செய்தி பல நேரம் இருப்பதில்லை. அடுத்த முறை பாரதி கவிதைத் தொகுப்பை எடுத்தால், ஒரு பாட்டைப் படித்துவிட்டு, அது எழுதப்பட்ட ஆண்டில் என்ன நடந்தது என்று போனில் ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். தெரிந்த பாட்டே புதுசாகத் தெரியும்.