செயலி வெளியானால் வேலை முடிந்ததா? டிரேஸ்டுகெதர் கற்றுத்தந்த பாடம்

கடைக்கோ சங்கத்திற்கோ ஒரு செயலி செய்யச் சொல்பவர்கள் முதலில் கேட்பது, “எப்போது தயாராகும்?” என்பதுதான். ஒரு மென்பொருள் திட்டத்தில் தயாராகும் நாள் பாதி வழி மட்டுமே. சிங்கப்பூரர்கள் கைப்பேசியிலும் பையிலும் சுமந்து திரிந்த டிரேஸ்டுகெதர் அதற்கு நல்ல உதாரணம்.

எந்தத் திட்டமும் தேவையிலிருந்து தொடங்க வேண்டும். கொவிட்-19 பரவியபோது, நோயாளி யார் யார் அருகில் இருந்தார் என்பதை அவரது நினைவை நம்பியே கண்டறிய வேண்டியிருந்தது. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரின் பெயர் யாருக்குத் தெரியும்? இந்தக் குறையைத் தீர்ப்பதே நோக்கம்.

அடுத்தது வடிவமைப்பு. அருகருகே உள்ள கைப்பேசிகள் புளூடூத் வழியாக ஒன்றையொன்று அடையாளம் கண்டு பதிந்துகொள்ளும். யார் எந்த இடத்தில் இருந்தார் என்ற விவரம் அதில் சேராது. பதிவுகள் கைப்பேசியிலேயே இருக்கும். 25 நாளில் அழியும். தொற்று உறுதியானால் மட்டுமே சுகாதார அமைச்சுக்குப் போகும்.

2020 மார்ச் 20ஆம் தேதி செயலி வெளியானது. உண்மையான சோதனை அதன் பிறகுதான். ஐஃபோனில் செயலியைத் திரையில் திறந்து வைக்காவிட்டால் அது சரியாக இயங்கவில்லை. திறன்பேசி இல்லாத முதியவர்களுக்கு அதனால் பயனே இல்லை. குறைகளை மறைக்காமல் ஏற்றுக்கொண்டதால் மாற்றுவழி பிறந்தது. அதே ஆண்டு ஜூன் இறுதியில், கைப்பேசி தேவைப்படாத சிறு கருவி முதியவர்களுக்குத் தரப்பட்டது. பின்னர் அது எல்லாருக்கும் கிடைத்தது.

தொழில்நுட்பச் சிக்கலை இப்படிச் சரிசெய்ய முடிந்தது. பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. திரட்டப்படும் தகவல் தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று மக்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் அதைக் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. முன்பு உறுதி அளித்தபோது அந்தச் சட்டம் தமது நினைவில் இல்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். நம்பிச் செயலியைப் போட்டுக்கொண்ட பலருக்கு ஏமாற்றம். அடுத்த மாதமே புதிய சட்டம் நிறைவேறியது. ஏழு வகைக் கடும் குற்றங்களை விசாரிக்க மட்டுமே தகவலைப் பயன்படுத்தலாம் என்று அது வரையறுத்தது.

புளூடூத்தில் பிழை என்றால் நிரலைத் திருத்தலாம். நம்பிக்கையில் விழுந்த விரிசலைத் திருத்த நாடாளுமன்றமே கூட வேண்டியிருந்தது. “இந்தத் தகவலை வேறு யார் கேட்கக்கூடும்?” என்ற கேள்வி முதல் நாளே காகிதத்தில் எழுதப்பட வேண்டியது.

கடைசிக் கட்டம், முடித்து வைப்பது. பலர் மறப்பதும் இதைத்தான். 2023 பிப்ரவரியில் டிரேஸ்டுகெதர் முடிவுக்கு வந்தது. செயலியை நீக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு கொலை வழக்கு தொடர்பானதைத் தவிர, தனிமனிதரை அடையாளம் காட்டும் தகவல்கள் அழிக்கப்பட்டதாக அரசாங்கம் தெரிவித்தது.

மளிகைக் கடையின் கணக்குச் செயலிக்கும் ஆலயத்தின் நன்கொடைப் பதிவுக்கும் இதே வரிசை பொருந்தும். முன்பணம் கொடுக்கும் முன் ஐந்து விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எந்தக் குறையைத் தீர்க்கப் போகிறோம்? வெளியிடும் முன் யார் பயன்படுத்திச் சோதிப்பார்கள்? பிறகு வரும் பிழையை யார், எந்தச் செலவில் திருத்துவார்கள்? வாடிக்கையாளர் விவரம் யார் கையில் இருக்கும்? செயலியை மூடும் நாளில் அந்த விவரம் என்ன ஆகும்?

பதில் சொல்லத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.