மீனம்பாக்கம் விமான நிலையம்

விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூரை அடுத்த கரிசற் பகுதியில், ஏழாயிரம்பண்ணை என்னும் ஊர் உள்ளது. முற்காலத்தில் இவ்வூர் பாளையக்காரரின் இருப்பிடமாய் விளங்கியது. வானம் பார்த்த நிலமாதலின், உழவு ஒன்றையே நம்பி வாழ்தல் இப்பகுதி மக்களுக்கு அரிதாயிற்று. ஆகவே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றின. வெடிமருந்தோடு பழகுவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் பல உண்டு. இரும்புக் கருவியை மருந்து அறையுள் கொண்டு செல்லலாகாது. பருத்தி ஆடையே உடுத்தல் வேண்டும். ஓர் அறையில் நால்வர்க்கு மேல் இருந்து தொழில் செய்தல் கூடாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு எஞ்ச வைத்தல் கூடாது. இவற்றுள் ஒன்று பிழைப்பினும் உயிர்கள் மாளும் என்பதை இப்பகுதிச் சிறுவரும் அறிவர்.

இத்தகைய விழிப்பையே உயிராகக் கொண்டு இயங்கும் வேறோர் இடமும் நம் நாட்டில் உண்டு. அதுவே தமிழகத்தின் தலைநகராகிய சென்னையின் பன்னாட்டு விமான நிலையம். சாத்தூரில் இரவு இரயில் ஏறுவோர், விடியற்பொழுதில் தாம்பரத்தையும் பல்லாவரத்தையும் கடந்து செல்வர். திரிசூலம் என்னும் சிறு நிலையத்தை வண்டி அணுகும்போது இடப்பக்கம் நோக்கினால், நெடுஞ்சாலைக்கு அப்பால் உயர்ந்த கட்டடங்களும், இறங்கியும் எழுந்தும் செல்லும் விமானங்களும் தென்படும். மீனம்பாக்கம் விமான நிலையம் என்று மக்கள் வழங்குவது இதனையே.

இந்நிலையத்தின் வரலாறு சுவையுடையது. 1910-ஆம் ஆண்டில், சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த தி ஆஞ்சலிஸ் என்பவர், தாம் அமைப்பித்த சிறு விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கச் செய்தார். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் அத்தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். டாட்டாவின் விமானத் தபால் பணி தோன்றிய அம்முதற் பயணத்தின் முடிவிடம் சென்னையே. 1954-இல் மீனம்பாக்கத்தில் பயணிகளுக்கெனக் கட்டடம் எழுப்பப்பட்டது. பயணிகள் பெருகவே, திரிசூலத்தின் எதிரே புதிய முனையங்கள் எழுந்தன. உள்நாட்டு முனையம் 1985-இலும், பன்னாட்டு முனையம் 1989-இலும் பயனுக்கு வந்தன. முன்னதற்குக் காமராசர் பெயரும், பின்னதற்கு அறிஞர் அண்ணாவின் பெயரும் சூட்டப்பெற்றன. விருதுநகரிற் பிறந்த பெருந்தலைவரின் பெயர் அங்கே விளங்குவதை அறியுந்தோறும் அம்மாவட்டத்து மாணவர் உள்ளம் உவக்கும். 2023 ஏப்பிரலில் மற்றொரு பெரிய முனையமும் திறக்கப்பட்டது. மதராசு என்ற பெயர் 1996-இல் சென்னை என மாறியது. எனினும், பயணச் சீட்டிலும் பெட்டியிலும் இடப்படும் ‘எம்.ஏ.ஏ.’ என்னும் மூவெழுத்துக் குறி, பழைய பெயரின் நினைவாக இன்றும் நிற்கிறது.

கட்டடங்கள் எத்துணை அழகியவாயினும், அவற்றால் மட்டும் ஒரு விமான நிலையம் சிறந்துவிடாது. நிலம், நீர், காற்று, வானம், நெருப்பு என்னும் ஐந்தனையும் அறிந்து, அவற்றிற்கு ஏற்ப விழித்திருந்தாலன்றி, ஒரு விமானமும் நலமே எழுந்து நலமே இறங்குதல் இயலாது.

முதலில் நிலத்தைக் காண்போம். பறவை கிளையினின்று எழுவது போல விமானம் எழுவதில்லை. பயணிகளையும், சரக்கையும், மிகுந்த எரிபொருளையும் சுமந்த பெரிய விமானம், நெடுந்தொலைவு விரைந்து ஓடிய பின்னரே நிலத்தை விட்டு நீங்கும். ஆகவே சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர், அஃதாவது 12,000 அடி நீளம் உடையதாக அமைந்துள்ளது. அதன் அகலம் 45 மீட்டர். குன்றுகளும், நெடுஞ்சாலையும், குடியிருப்புகளும், அடையாறும் இந்நிலையத்தைச் சூழ்ந்துள்ளமையால், இதனை மேலும் விரித்தல் எளிதன்று. அதனால் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர், இரண்டாம் விமான நிலையத்திற்குரிய இடமாக 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயின், தம் விளைநிலங்களும் நீர்நிலைகளும் அழியும் என்று ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் அதனை எதிர்த்துப் போராடத் தொடங்கினர். வானிற் செல்வோர்க்கு வழி தேடுங்கால், மண்ணில் வாழ்வோரின் வழியையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

அடுத்தது நீர். சென்னையின் இரண்டாம் ஓடுபாதை, அடையாற்றின்மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெருமழை பெய்தது. அடையாறு கரை புரண்டது. ஓடுபாதையும் விமானங்கள் நிற்கும் இடமும் வெள்ளத்தில் மூழ்கின. நிலையம் சில நாட்கள் மூடப்பட்டிருந்தது. அந்நாட்களில் அரக்கோணத்துக் கடற்படை விமானத்தளமே பயணிகளுக்கு உதவியது. 2023 டிசம்பர் 4-ஆம் நாள், மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதை நீர் சூழ்ந்தமையால் விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஆற்றின் வழியை அறியாது மனிதன் அமைக்கும் வழி நெடிது நில்லாது என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தின.

மூன்றாவது காற்று. பாய்மரக் கப்பலுக்குப் பின்னிருந்து வீசும் காற்று நலம் பயக்கும். விமானம் எழுவதற்கோ எதிரிலிருந்து வீசும் காற்றே நலம் பயக்கும். சிறகுகளின்மேல் காற்று விரைந்து செல்வதனாலேயே விமானம் தூக்கப்படுகிறது. எதிர்க்காற்று அவ்விரைவை மிகுவிப்பதால், குறைந்த தூரம் ஓடியே விமானம் எழுகிறது. இறங்குவதற்கும் எதிர்க்காற்றே ஏற்றது. ஆதலின் ஓடுபாதையின் ஒவ்வொரு முனையிலும், அதன் திசையைக் காட்டும் எண் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். திசைகாட்டியில் கிழக்கு 90 பாகை, தெற்கு 180, மேற்கு 270, வடக்கு 360. ஓடுபாதையின் திசையைப் பத்தால் வகுத்துக் கிடைப்பதே அவ்வெண். சென்னையின் முதன்மை ஓடுபாதையில் ஒரு முனையில் 07 என்றும், மறுமுனையில் 25 என்றும் இருக்கும். மேற்கிலிருந்து காற்று வீசுங்கால் 25 என்னும் முனையிலிருந்தும், கிழக்கிலிருந்து வீசுங்கால் 07 என்னும் முனையிலிருந்தும் விமானங்கள் புறப்படும். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் 18 ஆகும். நேர் எதிர்த்திசைகளுக்கு இடையே 180 பாகை உண்டு என்பதை நினைவிற்கொள்ளும் மாணவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும்.

நான்காவது வானம். எல்லையற்றதாய்த் தோன்றும் வானத்திலும் வழிகளும் வரம்புகளும் உண்டு. இந்திய வான்பரப்பு தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்னும் நான்கு பெரும் பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. சென்னைப் பகுதி தென்னாட்டின்மேலும், வங்கக் கடலின் பெரும்பரப்பின்மேலும் பரந்துள்ளது. உயர்ந்த கோபுரத்தில் இருப்போர், எழுகின்ற விமானத்திற்கும் இறங்குகின்ற விமானத்திற்கும் ஆணை தருவர். திரைமுன் அமர்ந்த வேறு சிலர், தொலைவிற் செல்லும் விமானங்களை ராடார்க் கருவியால் நோக்கி வழிப்படுத்துவர். ஒரே வழியில் கீழும் மேலும் செல்லும் இரண்டு விமானங்களுக்கு இடையே ஆயிரம் அடியேனும் இருக்குமாறு அவர்கள் காத்தல் வேண்டும். விமானியிடம் சொல்லிய ஆணையை விமானி திருப்பிச் சொல்வார். சொல் பிறழ்ந்திருப்பின் உடனே திருத்துவர். நாடுகள்தோறும் நேரம் வேறுபடுமாதலால், இவர்கள் அனைவரும் உலகப் பொதுநேரத்தையே கைக்கொள்வர். சென்னையில் காலை 5.30 மணியாகும்போது அவர்கள் கணக்கில் நாள் தொடங்குகிறது.

ஐந்தாவது நெருப்பு. இதனை வெல்லுதலே எல்லாவற்றினும் அரிது. நிலத்தில் தீப்பற்றினால் மக்கள் வெளியே ஓடித் தப்பலாம். அண்டை வீட்டார் நீர் கொண்டு வருவர். முப்பதாயிரம் அடி உயரத்தில் ஓடுவதற்கு இடமில்லை. உதவுவதற்கு அண்டை வீடும் இல்லை. ஆதலின் பட்டாசும் வெடிமருந்தும் பயணியின் எந்தப் பெட்டியிலும் ஏறக் கூடாது என்பது விதி. சரக்கறையிற் செல்லும் பெட்டியில் தீப்பெட்டி வைத்தலும் தடுக்கப்பட்டுள்ளது. நிலையத்தின் உள்ளே தீயணைப்புப் படையினர் இரவும் பகலும் காத்திருப்பர். ஓடுபாதையின் எப்பகுதியில் இடர் நேரினும், மூன்று நிமிடத்திற்குள் அவர்கள் வண்டி அங்குச் சேர்தல் வேண்டும் என்பது உலக நாடுகள் ஏற்ற நெறி.

இவ்விதிகள் அச்சத்தால் மிகைபடப் புனையப்பட்டவை அல்ல, துயரத்தால் எழுதப்பட்டவை. 1984 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு, பயணப் பெட்டியில் மறைத்து வைத்த வெடிகுண்டு இம்மீனம்பாக்கத்திலேயே வெடித்தது. ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு சூன் 23-ஆம் நாள், கனடாவிலிருந்து வந்த ‘கனிஷ்கா’ என்னும் இந்திய விமானம் அயர்லாந்தை அடுத்த கடலின்மேல் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 329 பேரும் இறந்தனர். வெடிகுண்டு வைத்த பெட்டி விமானத்தில் ஏறியது. அப்பெட்டிக்கு உரியவன் ஏறவில்லை. அதன்பின், பன்னாட்டு விமானப் பயணத்தில் உரியவர் ஏறாத பெட்டியை இறக்கிவிடும் விதி வலுவாகக் கைக்கொள்ளப்பட்டது. இன்று பயணி ஒருவர் வாராதொழியின், ஏற்றிய பெட்டிகளுள் அவருடையதைத் தேடி எடுத்து வெளியேற்றிய பின்னரே விமானம் புறப்படும். காத்திருக்கும் மற்றவர்கள் காலத்தாழ்வு கண்டு சினப்பதுண்டு. காரணம் அறிந்தால் சினவார்.

ஏழாயிரம்பண்ணையிலிருந்து வெளிநாட்டுக்குத் தொழில் தேடிப் புறப்படும் இளைஞன் ஒருவனைக் கருதுவோம். கடவுச்சீட்டைக் காட்டி அவன் உள்ளே செல்கிறான். காவற்படையினர் அவன் பையை ஊடுகதிர்க் கருவியுள் செலுத்துகின்றனர். பையில் மறந்து வைத்த தீப்பெட்டி ஒன்று திரையில் தெரிகிறது. அதனை எடுத்துக் கூடையில் இடச் சொல்கின்றனர். அது அவன் ஊரார் கைகளாலேயே செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். அறியாதவன் இதனை அவமதிப்பு என்று கருதுவான். அவனோ அவ்வாறு கருதான். மருந்து அறையின் வாயிலில் தன் தாய் இரும்புக் கருவியை வெளியே வைத்துவிட்டு உள்ளே சென்றதை அவன் இளமை முதற் கண்டிருக்கிறான். அந்த வாயிலுக்கும் இந்த வாயிலுக்கும் விதி ஒன்றே என்பதை அவன் அறிவான்.

2021 பிப்ரவரியில், ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். விமானத்திற் செல்லும் பயணியின் உயிர் எத்துணை அரியதோ, அத்துணை அரியதே மருந்து அறையிற் பாடுபடும் தொழிலாளியின் உயிரும். ஒரு பெட்டிக்காக விமானத்தையே நிறுத்தி வைக்கும் விழிப்பு, ஒவ்வொரு தொழிற்கூடத்தின் வாயிலிலும் நிலைபெறுதல் வேண்டும்.

திரிசூலத்தின் அருகே இரயிலிற் செல்லும் மாணவர், எழுகின்ற விமானத்தை வியந்து நோக்குவர். நோக்கும்போது, கோபுரத்திலும், திரைமுன்னும், வாயிலிலும், தீயணைப்பு வண்டியிலும் கண் துஞ்சாது இருப்போரையும் நினைத்தல் வேண்டும். விமானத்தை உயர்த்துவது காற்று. அதனைக் காப்பது அவர்களின் கடமையுணர்ச்சியே.