உரோமப் பேரரசின் சரிவும் அரிக்கமேட்டின் காலவரையறையும்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேடு, தமிழகத்துக்கும் உரோமப் பேரரசுக்கும் இடையே நிலவிய கடல் வணிகத்தின் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அவ்வணிகத்தின் எழுச்சியையும் தளர்வையும் கொண்டே அவ்வூரின் காலமும், சங்கப் பாடல்களின் காலமும் பெரும்பாலும் கணிக்கப்பட்டு வந்துள்ளன. உரோமரின் சரிவும் அரிக்கமேட்டின் சரிவும் ஒன்றல்ல என்பதையும், யவனர் பற்றிய குறிப்பு மட்டுமே ஒரு பாடலின் காலத்தை உறுதிசெய்யாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரிக்கமேடு, யவனர், உரோம வணிகம், மிளகு, சங்க இலக்கியக் காலம்

முன்னுரை

1945இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தினார். இத்தாலியில் செய்யப்பட்ட அரெட்டைன் மட்கல ஓடுகளும் மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகளும் அங்குக் கிடைத்தன. காலம் அறியப்பட்ட அயல்நாட்டுப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்குகளைக் கொண்டு, தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு கால அளவுகோல் அமைக்கலாம் என்பது அவரது கருத்து. 1946இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வூரை ‘இந்திய-உரோம வணிகநிலையம்’ என அவர் குறித்தார். இப்பெயர் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களிலும் நிலைபெற்றது. அதனால் இரண்டு வினாக்கள் எழுகின்றன. ஓர் ஊரின் வாழ்நாளை அதன் வாடிக்கையாளரின் வாழ்நாளைக் கொண்டு அளக்கலாமா? அவ்வாறு அளந்து பெற்ற காலத்தை இலக்கியத்துக்கும் பொருத்தலாமா?

உரோமச் சமூகமும் கீழைப் பொருள்களும்

கி.மு. 30இல் எகிப்து உரோமரின் ஆட்சிக்குள் வந்தபின் செங்கடல் வழி வணிகம் பெருகியது. மயோஸ் ஓர்மோஸ் துறையிலிருந்து ஆண்டுதோறும் 120 கலங்கள் இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்திராபோ எழுதுகிறார். மாலுமிகளிலும் வணிகரிலும் பெரும்பாலோர் எகிப்திலிருந்து வந்த கிரேக்க மொழியினர். எனவே, தமிழில் வழங்கும் ‘யவனர்’ என்னும் சொல்லை ‘உரோமர்’ என நேராகப் பெயர்ப்பது பிழைக்கு இடந்தரும்.

முத்தும் நுண்துகிலும் செல்வரின் நுகர்வுப் பொருள்களாய் இருந்தன. இப்பெருஞ்செலவைக் கண்டிக்கும் மரபும் உரோமில் வலுவாக இருந்தது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை ஈர்த்துக்கொள்கிறது என்னும் பிளினியின் கூற்று அம்மரபைச் சார்ந்தது. அதனை வணிகக் கணக்காக மட்டும் கொள்ளாமல், ஆடம்பரத்தைக் கடியும் அறநோக்குடன் சேர்த்தே படிக்க வேண்டும். மிளகின் நிலை இதனின் வேறானது. பிரித்தானியாவின் வட எல்லையில் இருந்த விண்டோலாந்தா படைமுகாமின் மரப்பலகை ஏடுகளில் மிளகு வாங்கிய செலவுக் குறிப்பு உள்ளது. செல்வரின் விருந்தறையைக் கடந்து எல்லைக்காவல் வீரர் வரை மிளகு சென்றிருந்தமை இதனால் பெறப்படுகிறது.

சரிவு என்பது எது?

தமிழகத்தில் கிடைத்த உரோம வெள்ளி நாணயங்களுள் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் காலத்தவையே மிகுதி. கி.பி. 64இல் நீரோ நாணயத்தின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தார். அதன்பின் வந்த வெள்ளி நாணயங்கள் இங்கு அருகியே காணப்படுவதால், வணிகம் முதல் நூற்றாண்டிலேயே தளர்ந்தது எனக் கருதியோர் உண்டு. ஆனால் இங்கு அந்நாணயங்கள் பெரிதும் உலோக மதிப்புக்காகவே ஏற்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அவ்வாறாயின் தரம் மிக்க பழைய நாணயம் விரும்பப்பட்டதையும் புதியது மறுக்கப்பட்டதையுமே இச்சான்று காட்டும். வணிகம் நின்றதை அது காட்டாது.

இதற்கு வலுவான துணைச்சான்று வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரசு ஏடு. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்வேட்டின் ஒரு பக்கத்தில் முசிறி வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தமும், மறுபக்கத்தில் ‘எர்மபொல்லோன்’ என்னும் கலத்தின் சரக்கு மதிப்பும் உள்ளன. நீரோவுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் பெருமுதலீட்டு வணிகம் நடைபெற்றது என்பதற்கு இதுவே போதிய சான்று.

3ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போரும் நாணயச் சீர்குலைவும் பேரரசைத் தளர்த்தின. எனினும் 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக்காசுகள் மதுரை, கரூர்ப் பகுதிகளிலும் இலங்கையிலும் கிடைக்கின்றன. கி.பி. 408இல் உரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக் கேட்டுப் பெற்ற மீட்புப் பொருள்களில் 3,000 இராத்தல் மிளகும் இருந்தது. மேற்குப் பேரரசு 476இல் முடிவுற்றது. கிழக்குப் பேரரசோ அதன்பின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நீடித்தது. ஆகவே ‘உரோமரின் வீழ்ச்சி’ என்பதைத் தமிழக வணிகத்துக்கு முற்றுப்புள்ளியிடும் ஒற்றை நிகழ்ச்சியாகக் கொள்ள இயலாது.

அரிக்கமேடு: அயலார் குடியிருப்பா, உள்ளூர்ப் பட்டினமா?

வீலரைத் தொடர்ந்து ழான்-மரி கசால் 1947 முதல் 1950 வரை இங்கு ஆய்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. வீலர் வரைந்த சித்திரத்தை இவ்வாய்வுகள் மூன்று நிலைகளில் மாற்றின.

முதலாவது தோற்றம். யவனர் வருகைக்கு முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர். இரண்டாவது பொருளாக்கம். மத்தியதரைக் கடற்பகுதியின் கைத்திறனாக வீலர் கருதிய உருளைக்கோட்டு மட்கலம் (உட்புற அடியில் சிறு கோடுகளை வட்டமாகப் பதித்த மெல்லிய கலம்) இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்டுள்ளது. இங்குச் செய்யப்பட்ட கண்ணாடி மணிகளின் வகையைச் சேர்ந்தவை தென்கிழக்காசியாவிலும் கிடைக்கின்றன. ஆதலின் இவ்வூரின் சந்தை மேற்கோடு முடியவில்லை. கிழக்கு நோக்கியும் விரிந்திருந்தது. மூன்றாவது முடிவு. சோழர் கால நாணயங்களும் இடைக்கால மட்கலங்களும் கிடைத்திருப்பதால், 2ஆம் நூற்றாண்டோடு ஊர் முற்றும் கைவிடப்பட்டது என்னும் கருத்து மறுபரிசீலனைக்கு உரியதாகிறது.

தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறித்த பானையோடுகளும் இங்குக் கிடைத்துள்ளன. செங்கடற்கரையின் பெரெனிகேயில் கண்டெடுக்கப்பட்ட ஒரு சாடித்துண்டில் ‘கொறபூமான்’ எனத் தமிழ்ப் பிராமியில் ஒரு பெயர் காணப்படுகிறது. யவனர் இங்கு வந்தமை போன்றே தமிழரும் அங்குச் சென்றனர். ‘உரோம வணிகநிலையம்’ என்னும் தொடர் இவ்விருவழிப் போக்குவரத்தை மறைத்துவிடுகிறது.

யவனர் குறிப்புகளும் காலக் கணிப்பும்

யவனர் தந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாடலும், பொன்னொடு வந்து மிளகொடு மீளும் கலத்தை அகநானூற்றின் 149ஆம் பாடலும் கூறுகின்றன. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவைவிளக்கும், முல்லைப்பாட்டில் பாசறைக் காவலில் யவனரும் இடம்பெறுகின்றனர். இக்குறிப்புகளால் அரிக்கமேட்டை விளக்குவதும், அரிக்கமேட்டின் காலத்தால் இப்பாடல்களின் காலத்தை நிறுவுவதும் ஆய்வுலகில் ஒருசேர நிகழ்கின்றன. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இச்சான்றுகள் இரண்டும் தனித்து நிற்கும் ஆற்றலை இழக்கின்றன.

மேலும், யவனர் என்னும் சொல் வணிகத்தின் உச்சகாலத்தையும் கடந்து வழங்கியது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம் இமயவரம்பன் யவனரைச் சிறைப்பிடித்ததைக் கூறுகிறது. பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பது அறிஞர் பலரின் கருத்து. சங்கப் பாடல்களுக்குப் பிற்பட்டதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் மணிமேகலை, யவனத் தச்சரை மகத வினைஞர், அவந்திக் கொல்லர் ஆகியோருடன் சேர்த்து எண்ணுகிறது. இங்கு யவனர் என்போர் கைவினைச் சிறப்புக்கு அடையாளமான ஓர் இலக்கிய மரபாகிவிட்டனர். நேரிற் கண்டு பாடியதையும் மரபு வழி நினைவிற் கொண்டு பாடியதையும் சொல்லை மட்டும் வைத்துப் பிரித்தறிய இயலாது.

எனவே ஒவ்வொரு குறிப்பையும் மூன்று நிலைகளில் நோக்குதல் வேண்டும். குறிக்கப்படும் பொருளின் காலம், பாடல் இயற்றப்பட்ட காலம், தொகுத்தோர் பதிகமோ அடிக்குறிப்போ சேர்த்த காலம் என்பன அவை. அரெட்டைன் ஓடு முதலாவதற்கே சான்றாகும். ஏனைய இரண்டையும் மொழிநடை, யாப்பு, கல்வெட்டுச் சான்று ஆகியவற்றின் துணையோடு தனித்தனியே நிறுவ வேண்டும்.

முடிவுரை

உரோமரின் நுகர்வு அரிக்கமேட்டை வளப்படுத்தியது. ஆனால் அதனைப் படைக்கவில்லை. அந்நுகர்வு தளர்ந்தபோது ஊரின் வளம் குன்றியிருக்கலாம். ஊரின் வரலாறு அத்துடன் முடியவில்லை. இவ்வேறுபாட்டை ஏற்பதால் சங்க இலக்கியத்தின் தொன்மை குறைந்துவிடாது. அத்தொன்மையை அயலாரின் நாணயத்தையும் மட்கலத்தையும் மட்டுமே சார்ந்திராத சான்றுகளால் நிறுவும் பொறுப்பையே அது நமக்குத் தருகிறது. ஆற்றரிப்பால் அரிக்கமேட்டின் ஒரு பகுதி முன்னரே அழிந்துவிட்டது. எஞ்சிய மண்ணடுக்குகளில், யவனர் வருகைக்கு முற்பட்டனவும் பிற்பட்டனவும் இனிவரும் ஆய்வுகளில் முதன்மை பெறுதல் வேண்டும்.