அலுவலும் அருளும்

ஆன்மிகம் என்றவுடன் காடும் காவியுமே நம் நினைவில் எழுகின்றன. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கோ, காலையில் அலுவலகம், மாலையில் அடுக்களை, இரவில் அயர்வு என்றே நாட்கள் கழிகின்றன. இதனிடையே இறைவனை நாடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தமிழர் ஒருவரின் வாழ்க்கை விடை பகர்கின்றது.

அவரே தைக்காடு அய்யா சுவாமிகள். இயற்பெயர் சுப்பராயர். தமிழகத்தில் 1814-இல் பிறந்த இவர், 1873-இல் தைக்காட்டிலிருந்த ஆங்கில ரெசிடெண்டின் மாளிகையில் மேற்பார்வையாளராகப் பணியேற்றார். 'சூப்பிரண்டு அய்யா' என்றே மக்கள் அவரை அழைத்தனர். மனைவி மக்களுடன் இல்லறம் நடத்திய இந்த உத்தியோகஸ்தரிடமே சட்டம்பி சுவாமிகளும் ஸ்ரீ நாராயண குருவும் யோகம் பயின்றனர். துறவிகளுக்கு ஆசான், சம்பளத்துக்கு உழைத்த ஓர் இல்லறத்தார்!

சோறு சமைப்பதும் இலையிடுவதும் எல்லா வீடுகளிலும் நிகழ்வனவே. ஆயின், எவருடன் அமர்ந்து உண்பது என்பதைச் சாதியே வகுத்த காலம் அது. அந்நாளில், தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளான குலத்தில் தோன்றிய அய்யன்காளியையும் தைப்பூசப் பந்தியில் உடனமர்த்தி உண்டார் அய்யா. ஏச்சும் பேச்சும் எழுந்தன, அவர் பொருட்படுத்தவில்லை. அன்றாட உணவே அங்கு வழிபாடாயிற்று.

1909-இல் அவர் சமாதியடைந்த இடம் இன்று சிவன் கோயிலாக விளங்குகின்றது.

அலுவலைத் துறந்து நாம் எங்கும் ஓட வேண்டுவதில்லை. அயலூரில் புதியவராய் வந்திறங்கிய நாளில் நமக்கு இலையிட்டவரை நாம் மறந்திலோம். நம் வீட்டிலும் ஓர் இலை கூடுதலாக விரிப்போம்; அதன்முன் அமர்பவரின் குலத்தை மட்டும் வினவாதிருப்போம். அவ்வளவில் நம் அடுக்களையும் கோயிலாகும்.