வீட்டுக்குப் பின்னால் பெருச்சாளி வளையா?

பட்டிப்பொல பகுதியில் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். 7 பேர்ச்சஸ் நிலமும் கிடைத்திருக்கிறது. அதன் பின்புறம் பெரும்பாலும் வெட்டிய மண்மேடு ஒன்று நிற்கும். லயத்தில் எலி வந்தால் அரிசிக்கும் மாவுக்கும்தான் பயம். இங்கே உருளைக்கிழங்குப் பாத்திக்கு வரும் பெருச்சாளி மேட்டையே குடைகிறது. மழைநீர் அந்த வளை வழியே உள்ளே இறங்கினால் மண் ஊறிச் சரியலாம்.

வளைக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி எலியை விரட்டுவது பலருக்கும் பழக்கம். காசு செலவில்லை. சமதரைப் பாத்தியில் அப்படிச் செய்தால் பரவாயில்லை, மேட்டில் வேண்டவே வேண்டாம். மழை செய்யும் கேட்டை நம் கையாலேயே செய்வதாகும். மேடு சரிந்தபின் அணைச்சுவர் கட்டும் செலவை நினைத்தால், ஆகக் கூடிய செலவு இதற்குத்தான்.

விஷம் கைக்கு மலிவாகத் தெரியும். சிங்க் பொஸ்பைட் என்ற கறுப்புத் தூள் ஒரே தடவையில் கொல்லும். ஆனால் கொஞ்சம் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. மனிதர் உண்டால் முறிவு மருந்தும் இல்லை. புரோமடியலோன் கட்டிகளைத் தின்ற எலி சில நாட்கள் கழித்தே சாகும். அதைத் தின்னும் நாய், பூனைக்கும் ஆபத்து. எலி திரும்ப வரும்போதெல்லாம் திரும்ப வாங்கவும் வேண்டும். சின்னப் பிள்ளைகளும் கோழியும் உள்ள வீட்டுக்கு இதை நாங்கள் சொல்லமாட்டோம். யாராவது தவறி உண்டால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பூனை போதாதா என்று கேட்பீர்கள். சுண்டெலிக்குப் போதும். வளர்ந்த பெருச்சாளியைக் கண்டால் பல பூனைகள் ஒதுங்கிவிடும்.

கம்பிக்கூட்டுப் பொறிக்கு முதலில் கூடுதலாகச் செலவாகும், பிறகு பல வருடம் உழைக்கும். நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் பாரம் குறையும். மாலையில் எல்லா வளை வாயையும் மண்ணால் மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அங்கேதான் எலி இருக்கிறது. அதன் அருகே சுட்ட தேங்காயோ கருவாடோ வைத்து, முதல் இரண்டு இரவு பொறியைப் பூட்டாமல் விடுங்கள். மூன்றாம் இரவு பூட்டுங்கள். வரிசையில் உள்ள எல்லா வீடுகளும் அதே வாரத்தில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு எலி உங்கள் வளைக்குக் குடிவந்துவிடும். எலி ஒழிந்ததும் வளையைக் கல்லும் மண்ணுமாக இறுக இடித்து அடையுங்கள். மழைநீர் அங்கே தேங்காமல் கானில் ஓடட்டும்.

வெறுங்கையால் எலியையோ வளை மண்ணையோ தொடாதீர்கள். 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணும் நீரும் கைகால் புண் வழியே அதைப் பரப்பும். பிறகு காய்ச்சல் வந்தால், வளையில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மேட்டில் வெடிப்பு தெரிந்தாலோ, வளையிலிருந்து கலங்கல் நீர் வந்தாலோ அடைக்கப் போகாதீர்கள். பிள்ளைகளுடன் வீட்டை விட்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கோ 117 இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.