சபூர் மட்டும் போதுமா?

புனித ரமலான் மாதத்தில் மதீனத் திருநகரில் இரு முறை பாங்கு ஒலிக்கும். முதலில் சொல்பவர் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்கள். அப்போது இரவு முடிந்திராது. நோன்பு நோற்போர் உண்ணலாம், பருகலாம். அடுத்து ஒலிப்பதே ஸஹர் நேரம் முடிந்ததை அறிவிக்கும் பாங்கு. அப்பொறுப்பை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் யாரிடம் ஒப்படைத்திருந்தார்கள் தெரியுமா? கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களிடம்!

கீழ்வானம் வெளுப்பதைக் காண இயலாதவர் வைகறையை எவ்வாறு அறிவார்? விடிந்துவிட்டதென்று மக்கள் அவருக்கு எடுத்துச் சொல்வார்கள். அதன்பின்னரே அவர் பாங்கு சொல்வார் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஊரார் அவருக்குக் கண்களானார்கள். அவருடைய குரலைக் கேட்டு ஊரே நோன்பு வைத்தது. இதே அப்துல்லாஹ் (ரலி), மக்காவில் குறைஷித் தலைவர்களுடன் பெருமானார் (ஸல்) உரையாடிக் கொண்டிருந்த வேளையில் இடையே வந்தபோது, நபியவர்களின் முகம் சற்றே சுளித்தது. அதற்காக அல்லாஹ் தன் தூதரையே கண்டித்து இறக்கியருளியதுதான் திருக்குர்ஆனின் 80-ஆம் அத்தியாயமான ‘அபஸ’.

அன்பார்ந்த வாசகர்களே! இதனை ஆண்டுக்கணக்காக மேடைகளில் சொல்லி வந்தவன் நான். ஆயினும் ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய், மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத பதினொரு வயது மகனை இடுப்பில் சுமந்துகொண்டு, தண்ணீர் ஓதி வாங்கப் பள்ளிவாசலுக்கு வந்தார். ஓதிக் கொடுத்துவிட்டு, “சபூர் செய்யுங்கள் தாயே, அல்லாஹ் கூலி தருவான்” என்றேன்.

“சபூர் செய்யத்தான் செய்றேன் ஹஜ்ரத். இவனைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. ஒரு நாளைக்கு யாராவது இவனைப் பார்த்துக்கிட்டா, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்திடுவேன்” என்றார் அவர்.

என்னிடம் பதில் இல்லை. ஐநூறு குடும்பங்கள் கொண்ட அந்த ஜமாஅத்தில் ஒரு நாள் பொழுதுக்கு அக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டுமென்று அதுவரை எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சித்த சுவாதீனமற்றோரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது, அவர்கள் மீது குற்றம் எழுதப்படாது என்பது நபிமொழி. அறிவு முதிராத அக்குழந்தைகள் மீது கேள்வி இல்லை. கேள்வி நம்மீதுதான் இருக்கிறது. ‘பெற்றோர் செய்த பாவம்’ என்று பேசும் நாவுகள் நம்மிடையே இன்றும் உள்ளன. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்ற இறைவாக்கை ஓதிக்கொண்டேதான் இப்படிப் பேசுகிறோம்! இதற்கு அஞ்சியே பலர் பிள்ளையை நிக்காஹ் விருந்துக்கும் அழைத்து வருவதில்லை. உமைய்யா கலீஃபா வலீத் (705–715) நடக்க இயலாதோருக்கு ஊழியரையும், பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் நியமித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

இன்று அரசாங்கத்தின் உதவிகளும் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதில் வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. கடும் பாதிப்புடையோருக்கான தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் இருந்தால்தான் இவற்றின் கதவு திறக்கும். பிள்ளையைச் சுமந்துகொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு நான்கு முறை அலைவது அத்தாய்க்கு எளிதா? விண்ணப்பம் எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர் உடன் சென்றால் பாதிச் சுமை குறையும். இதற்குப் பணம்கூட வேண்டியதில்லை.

பணம் வேண்டிய இடத்தில் ஜகாத் இருக்கிறது. பெற்றோர் தம் பிள்ளைக்கு ஜகாத் கொடுக்க இயலாது. அப்பிள்ளையைப் பராமரிப்பது அவர்கள் கடமை. ஆனால் வறுமையிலுள்ள அண்ணன் குடும்பத்திற்குத் தம்பி கொடுக்கலாம். தர்மத்தின் நன்மையோடு உறவைப் பேணிய நன்மையும் சேரும். வைத்தியத்திற்காகக் கடன்பட்டு அடைக்க வழியற்றவரும் ஜகாத் பெறும் எட்டு வகையினருள் அடங்குவர். சேலை வாங்கிப் பங்கிடும் தனவந்தர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

சென்ற மாதம் அதே தாயைச் சந்தித்தேன். மகனுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது. “நான் மவுத்தான பின்னால இவனுக்கு யாரு?” என்றார். இம்முறை சபூரைப் பற்றி நான் பேசவில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோர் 18 வயதைக் கடந்தபின், அவர்களுக்குச் சட்டப்படிப் பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்துள்ளது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதனை விசாரித்து முடிவு செய்யும். விவரத்தைக் கேட்டபின், பாதுகாவலராகக் கையெழுத்திடப் பையனின் சிறிய தகப்பனார் முன்வந்துள்ளார். குழு கூடும் நாளில் அவர்களுடன் நானும் ஆட்சியர் அலுவலகம் செல்கிறேன். அன்று பையனைத் தூக்கிச் செல்ல மதரஸா மாணவர் இருவர் பெயர் கொடுத்திருக்கின்றனர்.